இறக்கத்தில் நின்ற வேன்

என் தம்பி நெவில் பிறந்த அன்றைக்கும் கடல்மூட்டம். அவன் வண்டிக்கு அபராதச் சீட்டு வந்த அன்றைக்கும் கடல்மூட்டம். நடுவில் போன அறுபத்து நான்கு வருடத்தில் அவன்மேல் ஒரு புகார் கிடையாது. அக்கா என்பதால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வேலைக்குச் சேர்ந்தது முதல் ஓய்வு பெற்றது வரை ஒரு கீறல்கூட விழாமல் பேருந்து ஓட்டியவன் என்று அவன் பெயர் வெட்டிய பித்தளைத் தகடு எங்கள் மாடிப்படிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. ஞாயிறுதோறும் அதை நான்தான் துடைக்கிறேன்.

எங்கள் தெரு கடலை நோக்கிச் சரிந்து இறங்கும் தெரு. கடல்மேல் எழும் அந்தப் பனிமூட்டம் வரும்போது கீழேயிருந்து மேலே ஏறும். முதலில் கடற்சுவர் மறையும், பிறகு மீன் பொரிக்கும் கடையின் சிவப்பு விளக்கு, பிறகு விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாய். கடைசியில் நம் வீட்டு வேலிகூட யாரோ சொன்ன கதையில் வரும் வேலி மாதிரி ஆகிவிடும். மற்றவர்கள் இதைச் சபிப்பார்கள். நெவில் மட்டும் சின்ன வயதிலிருந்தே மூட்டம் வந்தால் வெளியே போவான். அவனுக்கு ஐந்து வயதில் அப்படி ஒருநாள் காணாமல் போனான். அம்மா தெருவில் அழுதுகொண்டே ஓடினாள். கடைசியில் அவன் கிடைத்தது பேருந்து நிலையத்தில், நின்றிருந்த ஒரு மாடிப் பேருந்தின் மேல்தட்டில், முன்னிருக்கையில். கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்து உட்கார்ந்திருந்தான். "எங்கடா போகணும் உனக்கு?" என்று நடத்துநர் கேட்டாராம். "இது எங்க போகுதோ அங்க" என்றானாம்.

பிறகு அவனே அந்தப் பேருந்துகளை ஓட்டினான். நான் பதினைந்து வயதில் பள்ளியை விட்டுத் திரைச்சீலை தைக்கும் கடையில் சேர்ந்தேன். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா விட்டுப்போன வீட்டிலேயே இருக்கிறோம்.

எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு கீழே மிஸஸ் ஹார்கர் வீடு. அவர் வீட்டு முன்னால் கார் ஏறி உள்ளே போவதற்காக நடைபாதையின் ஓரக்கல்லைத் தாழ்த்திச் சரிவாக்கியிருக்கும். இறக்கம் என்போம். அவர் கணவர் ஜெரால்ட் இறந்த பிறகு காரை விற்றுவிட்டார். உள்ளே கார் நின்ற இடத்தில் இப்போது பூத்தொட்டிகள் இருக்கின்றன. சவ அடக்கத்தன்று தட்டில் சான்ட்விச்சைப் பிடித்தபடி மிஸஸ் ஹார்கர், "வாசல் இப்படிக் காலியா இருந்தா உள்ள ஆள் இல்லன்னு திருடனுக்கு நல்லாத் தெரிஞ்சிடும்" என்றார். யாரிடமும் குறிப்பாகச் சொல்லவில்லை. நெவில் கேட்டுக்கொண்டான். மறுநாள் சாயங்காலம் தன் சின்ன நீலக் காரை எங்கள் வாசலிலிருந்து எடுத்துப்போய் அந்த இறக்கத்துக்கு முன்னால் நிறுத்தினான். ஜன்னலில் மிஸஸ் ஹார்கர் கையை உயர்த்தினார். இவனும் உயர்த்தினான். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் அங்கே நிறுத்துவான், காலையில் எடுத்துவருவான். நிறுத்தினதும் உடனே இறங்கமாட்டான். குடுவையில் தேநீர் கொண்டுபோய், இருட்டும் வரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான். எதிர்ச்சாரியில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு சந்து. அதன் வழியாகக் கடல் தெரியும்.

"நம்ம மாடி ஜன்னல்லயும்தான் கடல் தெரியுது" என்பேன்.

"அது வேற கடல், டோரீன்" என்பான்.

போன வசந்தத்தில் நீலக் காரை விற்றுவிட்டு ஒரு பழைய பாலாடை நிற வேன் வாங்கினான். உள்ளேயே படுக்கை, உள்ளேயே அடுப்பு வைத்த வகை. நாடு முழுக்கச் சுற்றப்போவதாகச் சொன்னான். வரைபடங்களை சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தான். நான் மஞ்சள் கட்டம் போட்ட துணியில் திரைச்சீலை தைத்துக் கொடுத்தேன், கட்டத்தோடு கட்டம் பிசகாமல் பொருத்தி. வேன் எங்கும் போகவில்லை. எங்கள் வாசலிலிருந்து மிஸஸ் ஹார்கர் வாசலுக்குப் போனது, திரும்பி வந்தது. ஆனால் அதற்குள் உட்கார்ந்து அவன் போகாத ஊர் இல்லை என்று நினைக்கிறேன். இருட்டும் நேரத்தில் அந்த மஞ்சள் சதுரம் தெருவில் மிதப்பதைப் பார்த்தால் எனக்கே ஒரு கப்பல் வந்து நங்கூரம் போட்ட மாதிரி இருக்கும்.

அப்படி ஓர் அக்டோபர் காலையில், மெல்லிய மூட்டத்துக்குள், வேன் கண்ணாடியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருப்பதை மாடியிலிருந்து பார்த்தேன். நான் கீழே வருவதற்குள் நெவில் அதை எடுத்து வந்துவிட்டான்.

"என்னடா அது?"

"எது?"

"கண்ணாடியில மஞ்சளா."

"ஓ, அதுவா. டீ போடவா?"

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் டீ போடவா என்றால் எங்கள் வீட்டில் யாரோ செத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். அங்கேதான் ஒளித்து வைத்திருந்தான். தாழ்த்திய நடைபாதையை மறித்து நிறுத்திய குற்றத்துக்கு அபராதம். இரண்டு வாரத்துக்குள் கட்டினால் பாதி. சரியில்லை என்று நினைத்தால் எதிர்த்து எழுதலாம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்துவரை படித்தேன்.

"கவலைப்படாத. இதுல வழி இருக்கு. வீட்டுக்காரங்க சம்மதத்தோட நிறுத்துனா குத்தமே இல்லையாம். அந்தம்மாகிட்ட ரெண்டு வரி எழுதி வாங்கினாப் போதும்."

"வேணாம்."

"என்ன வேணாம்? பித்தளைத் தகடு வாங்கினவன்டா நீ! உன் பேர்ல ஒரு குத்தச் சீட்டு இருக்கலாமா?"

அவன் கோப்பையில் பால் ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான். "வீட்டு இறக்கத்துக்கு பார்க்கிங் வார்டன் தானா வந்து சீட்டு எழுதறதில்ல. உனக்குத் தெரியாதா?"

தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெருமுனையில் சக்கர நாற்காலி கடக்கிற இறக்கமென்றால் வார்டன் பார்த்ததும் எழுதிவிடுவார். ஒரு வீட்டு வாசல் இறக்கமென்றால், அந்த வீட்டுக்காரர் கூப்பிட்டுச் சொன்னால் ஒழிய வரமாட்டார். எத்தனையோ வருடமாக அங்கே நிறுத்தியும் சீட்டு வராததற்குக் காரணம் அதுதான். இப்போது வந்திருக்கிறதென்றால் மிஸஸ் ஹார்கரே கூப்பிட்டிருக்கிறார்.

சீட்டை மறுபடி டப்பாவுக்குள் போட்டேன்.

"வேற யாராவது அவங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாங்க."

"யாரு? பகல்ல இந்தத் தெருவுல இருக்கறது நாம ரெண்டு பேரும் அவங்களும்தான். ஒருவேள நீயா? ரூல் பாக்கறவளாச்சே, இன்ஸ்பெக்டர்."

"வாய மூடு."

"சம்மதம்னு எழுதிக் குடுங்கன்னு அவங்ககிட்டயே போய் நின்னா அவங்க மூஞ்சிய எங்க வெச்சுப்பாங்க? கட்டிடறேன், விடு." கோப்பையை எடுத்துக்கொண்டு கதவுவரை போனவன் நின்றான். "இவ்வளவு வருஷமா வேண்டாத எடத்துல நின்னுட்டிருந்திருக்கேன் போல. நான்தான் கைய ஆட்டினத வேற மாதிரி எடுத்துக்கிட்டேன்."

அன்று சாயங்காலம் வேன் எங்கள் வாசலிலேயே நின்றது. அவன் அதற்குள் போய் உட்காரவில்லை. வரைபடங்களை மடித்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்தான். அடுத்தடுத்த நாட்களும் அப்படியே போயின. மூட்டமும் விலகவில்லை. வீட்டுக்குள் நடக்கும்போதுகூட அவன் யார் வழியையோ மறிக்கிறவன் மாதிரி ஓரமாக நடந்தான். பணத்தை மட்டும் இன்னும் கட்டவில்லை. கட்டினால் அந்த வாசலில் அவன் நின்ற வருடமெல்லாம் தப்பு என்று கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தானோ என்னவோ. எதிர்த்து எழுதவும் விடமாட்டான். சீட்டு பிஸ்கட் டப்பாவிலேயே கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் பிஸ்கட் சாப்பிடுவதை விட்டுவிட்டோம்.

நான் சும்மா இருக்கிற பழக்கம் உள்ளவள் இல்லை. மிஸஸ் ஹார்கரிடம் கேட்காமலே எதிர்க்க ஏதாவது வழி இருக்குமா என்று யோசித்தேன். வேன் உண்மையிலேயே இறக்கத்தின்மேல் நின்றதா? ஒரு சாண் தள்ளி நின்றிருந்தால்? வேன் எண்ணெய் ஒழுகும் வேன். நின்ற இடத்தில் தாரில் கருப்பாய்ப் பொட்டு இருக்கும். அந்தப் பொட்டிலிருந்து அளந்தால் தெரிந்துவிடும். ஒரு மத்தியானம் நெவில் சந்தைக்குப் போனதும் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு கீழே போனேன். பையில் காகிதமும் பேனாவும் இருந்தன.

ஈரத் தரையில் முட்டி போட்டு அளந்தேன். எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் வேன் இறக்கத்தின் நட்டநடுவில் நின்றிருக்கிறது. நெவில் எதையும் கோணலாகச் செய்யமாட்டான். மறித்தால்கூடச் சரியாக மறிப்பான்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மிஸஸ் ஹார்கர், கையில் பாத்திரம் துடைக்கும் துண்டோடு.

"எதையாவது தொலைச்சிட்டீங்களா, டோரீன்?"

"ஊசி" என்றேன்.

"ரோட்டுலயா?"

"ஜன்னல் வழியா விழுந்திருக்கும்."

அவர் எங்கள் ஜன்னலைப் பார்த்தார். அது நான்கு வீடு தள்ளி, மூட்டத்துக்குள் எங்கேயோ இருந்தது. "உருண்டு வந்திருக்கும், இறக்கம்தானே" என்றார் மரியாதையாக. "உள்ள வாங்க. டீ குடிச்சிட்டுத் தேடலாம்."

முன்னறையில் ஒரே ஒரு சாய்வு நாற்காலி, ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தது. என்னை அதில் உட்காரச் சொன்னார். தாழ்வான நாற்காலி. உட்கார்ந்தால் கண் ஜன்னல் கட்டைக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. தெரு, எதிர்ச்சாரி, அந்தச் சந்து, சந்துக்குள் மூட்டம். அவர் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அந்த மூட்டம் கிழிந்தது. யாரோ ஒரு பக்கமாக மெல்ல இழுத்த மாதிரி. நடுவில் ஈயம் போல் கடல். அதன்மேல் ஆற்றுமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் இரண்டு கப்பல்கள், பகலிலேயே விளக்கு ஏற்றிக்கொண்டு, தண்ணீரில் நிற்கிறதா வானத்தில் நிற்கிறதா என்று தெரியாமல் நின்றன.

"நெவில் நல்லா இருக்காரா?"

"இருக்கான்."

"சாயங்காலத்துல காணோம்."

"இப்பல்லாம் மேலயே நிறுத்தறான்."

என் கோப்பையில் சர்க்கரை போட்டார். நான் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை, அது அவருக்குத் தெரியும். இன்னொரு கரண்டி போட்டார்.

"அந்தச் சின்ன நீலக் கார், அது நல்ல கார்."

"ஆமா."

"குள்ளமா இருக்கும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்துப் பேசினார்.

"அதுக்கு மேல கப்பல் தெரியும். ஜெரால்டும் நானும் பந்தயம் கட்டுவோம், இது நார்வேக்காரன், இது டச்சுக்காரன்னு. அவர் போனப்பறம் நானே ரெண்டு பக்கமும் சொல்லிக்குவேன். கீழ உங்க தம்பி கார்ல உக்காந்து அதே கப்பலப் பாத்துட்டிருப்பார். அவர் தலையோட பின்பக்கம் எனக்குத் தெரியும். அவருக்கு நான் பாக்கறது தெரியாது. துணைக்கு ஆள் இருக்கற மாதிரி இருக்கும்." இன்னொரு கரண்டி. "வேன் வந்தப்பறம் மஞ்சள் கட்டம்தான் தெரிஞ்சுது."

"ஓ."

"ரொம்ப அழகான திரைச்சீலை, டோரீன். கட்டம் ஒண்ணுகூடப் பிசகல."

"நன்றி" என்றேன்.

"தினமும் பாத்தேன்ல."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கப்பலைப் பார்த்தோம்.

"அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, மிஸஸ் ஹார்கர்."

"எப்படிச் சொல்றது?" உண்மையிலேயே கேட்டார். "வாங்கின அன்னிக்கு அதுக்குள்ள போட்ட முதல் டீய எனக்குத்தான் கொண்டுவந்து ஜன்னல் வழியாக் குடுத்தார். 'பாத்தீங்களா மிஸஸ் ஹார்கர், உள்ளயே அடுப்பு'ன்னார். அவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷன்கிட்ட உங்க வண்டி உசரம்னு எப்படிச் சொல்றது? வேற யாராவது நயமா ஒரு வார்த்த சொன்னா நல்லாருக்கும்னு நெனைச்சேன். நயமாச் சொல்வாங்கன்னுதான் நெனைச்சேன். மஞ்சச் சீட்டு ஒட்டுவாங்கன்னு நெனைக்கல."

அவர் முகம் சிவந்திருந்தது. நான் தேநீரைக் குடித்தேன். பாகு மாதிரி இருந்தது. முழுக்கக் குடித்தேன்.

"நான் எழுதித் தரேன்" என்றார் திடீரென்று. "என் சம்மதத்தோடதான் நின்னுதுன்னு எழுதறேன். அப்ப அவர் கட்ட வேணாம்ல? பேனா இருக்கா?"

என் பை மடியில் இருந்தது. இரண்டு வரி எழுதினால் தம்பியின் பெயர் துடைத்த பித்தளை மாதிரி ஆகிவிடும். ஆனால் போய்ச் சேரும் இடம், இவர் கூப்பிட்டுப் புகார் சொன்ன அதே அலுவலகம். அங்கே யாரோ ஒரு பிள்ளை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். ஒரு வாரம் மறிக்கிறார் என்கிறாள், மறுவாரம் சம்மதம் என்கிறாள், இந்தக் கிழவிக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும். இவரைக் கூப்பிட்டு விசாரிக்கும். இவர் போனில் குழறுவார். நெவில் இதைத்தான் முதல் நாளே பார்த்திருக்கிறான். தனக்கு அடி விழுந்த நேரத்திலும் அதைத்தான் பார்த்திருக்கிறான்.

"பேனா கொண்டுவரல" என்றேன்.

பேனா பையிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"பரவால்ல" என்றார் மிஸஸ் ஹார்கர். "என்கிட்டயும் எங்கயோதான் இருக்கு."

நான் வீட்டுக்கு வந்தபோது நெவில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எங்க போயிருந்த?"

"ஊசி தேட."

"கெடைச்சுதா?"

"வேன்தான்டா உசரம்."

"என்னது?"

"வேன் உசரம். நீ இல்ல. அந்தம்மா அந்தச் சந்து வழியாக் கப்பல் பாக்கறவங்க. உன் நீலக் காருக்கு மேல தெரிஞ்சுது, வேனுக்கு மேல தெரியல. அவ்வளவுதான். நீ கார்ல உக்காந்திருந்தா துணைக்கு ஆள் இருக்கற மாதிரி இருந்துச்சாம்."

கத்தி நின்றது. உருளைக்கிழங்குத் தோல் அறுபடாமல் நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்தான்.

"கப்பல் பாப்பாங்களா?"

"நார்வேயா டச்சான்னு பந்தயம் வேற."

"இன்னிக்கு நிக்கறது ரெண்டும் போலந்து" என்றான். அவன் முகத்தில், எத்தனை நாளுக்குப் பிறகோ, அந்தப் பேருந்தின் மேல்தட்டுப் பிள்ளை வந்து உட்கார்ந்தது.

சாப்பிட்டு முடித்ததும் பிஸ்கட் டப்பாவைத் திறந்தான். "கட்டப் போறேன்."

"எதுத்து எழுத..."

"எதுக்கு எழுதணும், டோரீன்? மறிச்சுதானே நின்னேன்."

படிக்கட்டுப் பக்கம் போய்த் தகட்டைப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்தது முதல் ஓய்வு பெற்றது வரை என்றுதான் அதில் இருக்கிறது. சீட்டு ஓய்வுக்குப் பிறகு வந்தது. ஆகவே தகட்டில் உள்ளது அத்தனையும் இன்னும் உண்மைதான். இதை அவனிடமும் சொன்னேன். "உன்ன மாதிரி ஒரு வக்கீல் கெடைக்குமா" என்றான், வாயில் பிஸ்கட்டோடு.

மறுநாள் சாயங்காலம் மறுபடி மூட்டம், ஆனால் மெல்லியது. நெவில் டை கட்டிக்கொண்டு கீழே போனான். நான் மாடி ஜன்னலைத் திறந்து வைத்தேன், காற்றுக்காக.

கதவு தட்டும் சத்தம். பிறகு அவன் குரல். "மிஸஸ் ஹார்கர், வேன எடுத்துட்டுக் கடற்சுவர் வரைக்கும் போறேன். அங்க எதுவும் எதையும் மறைக்காது. டீ போடலாம். வர்றீங்களா?"

மூட்டத்தில் எங்கோ ஒரு கப்பல் ஊதியது.

"நெவில், அந்தச் சீட்டு..."

"எந்தச் சீட்டு?"

"கோட்டு எடுத்துட்டு வரேன்" என்றார் அவர். அப்புறம், "பேர் மேவிஸ். தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும்" என்றான் என் தம்பி. "மெதுவா, மேவிஸ். படி உசரம்."

நாடு சுற்ற வாங்கின வேன் முதன்முதலாக மிஸஸ் ஹார்கர் வாசலைத் தாண்டிப் போயிற்று. பின்விளக்குகள் இரண்டும் சரிவில் இறங்கி, சிவந்து, கரைந்தன. கொஞ்ச நேரத்தில் தெருவின் அடியில், கடலும் வானமும் ஒன்றாகிற இடத்தில், ஒரு மஞ்சள் சதுரம் எரிந்தது.

அரை மனதோடுதான் கோட்டைப் போட்டேன். கடற்சுவர் ஓரம் கட்டண நிறுத்தம். ஆறு மணிவரை காசு போட்டுச் சீட்டு எடுத்து, கண்ணாடிக்கு உள்பக்கம் தெரியும்படி வைக்க வேண்டும். அவன் எடுத்தானா இல்லையா என்று தெரியாமல் என்னால் வீட்டில் உட்கார முடியாது.

எடுத்திருந்தான். கண்ணாடிக்குப் பின்னால் ஒழுங்காக வைத்தும் இருந்தான். ஆனால் குப்புற. எழுத்துள்ள பக்கம் கீழே. வார்டன் பார்த்தால் அதற்கும் எழுதலாம், சட்டம் அப்படித்தான்.

தட்டக் கையைத் தூக்கினேன். திரைச்சீலைகள் இரண்டு பக்கமும் விலக்கிக் கட்டியிருந்தன. உள்ளே அடுப்பில் கெண்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. இரண்டு தலைகள் அருகருகே, முதுகு எனக்கு, முகம் கடலுக்கு.

"டச்சு" என்றார் மேவிஸ்.

"கொடியப் பாருங்க. டச்சாம் டச்சு."

"மூட்டத்துல கொடி எங்க தெரியுது உங்களுக்கு? புளுகாதீங்க."

கையை இறக்கிக்கொண்டேன். கடற்சுவரில் ஈரத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்து, வார்டன் வருகிறாரா என்று சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.